மானத்தோட கப்பலேறின மெத்தைக்காரர்

இன்னிக்கு எப்படியாவது பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கியே தீரணும்னு முடிவு பண்ணிக்கிட்டு எந்தப் புருஷனாவது வீட்டுக்கு வருவானா? வந்தாரு. நம்ம மெத்தைக்காரர் வந்தாரு. வழியெல்லாம் ஒத்திகை வேற பாத்துக்கிட்டே வந்தாரு.

மெத்தைக்காரர்னா மெத்தை விக்கிறவர் இல்ல. மெத்தை செய்யற கம்பெனில பேக்கிங் சூப்பர்வைசர். பஞ்சு மெத்தையோ ஸ்பிரிங் மெத்தையோ, எது வந்தாலும் பிளாஸ்டிக் உறை மாட்டி, மூலைக்கு மூலை டேப் ஒட்டி, குழந்தையைத் தட்டிக் குடுக்கிற மாதிரி ஒரு தட்டு தட்டி லாரில ஏத்தறது அவர் வேலை. வேலையில கெட்டி. ஆனா மனுஷன்கிட்ட ஒரு பழக்கம். பிடிக்காத எதைச் செய்யச் சொன்னாலும், "எனக்கு ஒண்ணும் இல்ல சார், வீட்ல விட மாட்டாங்க"ன்னுடுவாரு.

ராத்திரி ஷிப்டா? வீட்ல விட மாட்டாங்க. ரத்த தானமா? நான் இப்பவே ரெடி, வீட்ல விட மாட்டாங்க. மலையேறப் போறீங்களா? ஆசை யாருக்கு இல்ல, ஆனா வீட்ல... அந்த 'வீட்ல'ங்கிற எடத்துல குரலை அப்படியே இறக்கி, உதட்டைக் கடிச்சு, ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாரு பாருங்க, கேட்டவனே 'விடுங்க சார்'னு தோளைத் தட்டிக் குடுப்பான். "பாவம்யா, வீட்ல புலியைக் கட்டிக்கிட்டு அழறாரு"ன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்புவாங்க.

புலிக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது. புலி பாட்டுக்கு ஸ்கூல் வேன் ஓட்டிக்கிட்டு இருந்தது. ஆமா, அந்தம்மா ஸ்கூல் வேன் டிரைவர். வேன் நிறைய வாண்டுங்க. ஒண்ணு அழும், ஒண்ணு கடிக்கும், ஒண்ணு ஜன்னல் வழியா செருப்பைப் போடும். அந்தம்மா கண்ணாடில ஒரு பார்வை பாப்பாங்க. அவ்வளவுதான், வேன் நூலகம் மாதிரி ஆயிடும்.

அன்னிக்குக் கம்பெனில என்ன ஆச்சுன்னா, மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டாரு. டெலிவரிப் பிரிவுக்குத் தலைவர் நாற்காலி காலி. லாரிங்க, வேனுங்க, டிரைவருங்க எல்லாம் அந்த நாற்காலிக்குக் கீழ. பாய்மரக் கப்பல்ல ஒரு வாரம் தலைமைப் பயிற்சி நடக்குது, ஊர்ல பல எடத்துலேந்தும் எடத்துக்கு ஒருத்தர் வர்றாங்க. பாய் கட்டணும், கயிறு இழுக்கணும், முதுகுல காத்து சிலிண்டர் மாட்டிக்கிட்டுக் கடலுக்கடில முங்கணும். நம்ம கம்பெனிலேந்து யார் போறாங்களோ அவங்களுக்கு அந்த நாற்காலின்னாரு.

கணக்குப் பிரிவுக்காரர் பாதிக் கையைத் தூக்கினாரு. நம்மாளு ரெண்டு கையையும் தூக்கினாரு.

தண்ணின்னா நம்மாளுக்குச் சிம்ம சொப்பனம். குளிக்கும்போதே ஒரு கையால குழாயைப் பிடிச்சுக்கிட்டுக் குளிக்கிற ஜாதி. அப்புறம் எந்தத் தைரியத்துல தூக்கினாரு? வீட்டு மேல இருக்கிற தைரியத்துலதான். இவர் வீட்ல போய்ச் சொல்லணும். அந்தம்மா ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிக்கணும். இவர் மேனேஜர்கிட்ட போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கணும். "சிங்கம் மாதிரி கையைத் தூக்கினானே, வீட்ல கட்டிப் போட்டுட்டாங்களே"ன்னு மேனேஜர் மனசு இளகி, நாற்காலியை இந்தப் பக்கம் தள்ளிடணும். கடலும் வேண்டாம், நாற்காலியும் வரும். திட்டத்துல ஒரு ஓட்டை கிடையாது.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் செருப்பைக் கூடக் கழட்டல. "நான் கடலுக்குப் போறேன்" அப்படின்னாரு.

அந்தம்மா துணி மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. "வரும்போது சோப்பு வாங்கிட்டு வாங்க."

"அட, கடைக்கு இல்லம்மா. கடலுக்கு. கப்பல்ல."

"கப்பல்லயா? எப்ப?"

"மாசக் கடைசில. ஒரு வாரம். ஆபத்தான பயணம். பாய்மரத்து மேல ஏறணும். வழுக்கினா அவ்வளவுதான்."

"நல்லாப் பிடிச்சுக்குங்க."

"சுறா இருக்கும்."

"உங்களை எங்க கண்டுக்கப் போகுது."

"புயல் அடிக்கும்மா. ஒரு வாரம் ஃபோன் கூட எடுக்காது."

துணி மடிக்கிற கை நின்னுது. ஆஹா, வந்துட்டா வழிக்குன்னு இவர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டாரு. "ஒரு வாரம் ஃபோனே வராதா?"ன்னு கேட்ட அந்தம்மா முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். "சட்டை எங்க, சீப்பு எங்க, மூக்குக்கண்ணாடி எங்கன்னு ஒரு கேள்வியும் வராதா? போயிட்டு வாங்க. கண்டிப்பாப் போயிட்டு வாங்க."

வழியெல்லாம் பாத்த ஒத்திகை வீணாப் போச்சு இவருக்கு. "நீ சரியா யோசிக்கல. நான் திரும்பி வராமப் போனா?"

"அதெல்லாம் வந்துடுவீங்க. உங்களை யார் வெச்சுக்குவாங்க?"

"உனக்குப் பயமா இல்லையா?"

"பயம் உங்களுக்கா எனக்கா?"

"எனக்கென்ன பயம்"னு சொன்னாரு. அங்கதான் வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டாரு.

மறுநாள் காலையில அந்தம்மா வேன் மிதியடியெல்லாம் அலசிக்கிட்டு இருந்தாங்க. கையெல்லாம் நுரை. ஃபோனைப் படிக்கட்டுல வெச்சு, ஸ்பீக்கர்ல போட்டு, மேனேஜரைக் கூப்பிட்டுட்டாங்க. நம்மாளு பல் தேய்ச்சுக்கிட்டே வெளிய வந்தவரு அப்படியே நின்னுட்டாரு.

"சார், மெத்தைக்காரர் வீட்லேந்து பேசறேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ற சத்தம். மேனேஜர் எழுந்து நின்னுட்டாரு போல. "சொல்லுங்கம்மா. நாங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டோமா?"

"தப்பா? இல்லையே சார். அவரு கப்பல்ல போகணும்னாரு. எனக்கு முழுச் சம்மதம், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"நிஜமாவாம்மா? ராத்திரி ஷிப்டுக்கே நீங்க விடலையே."

"நானா?"

"ரத்தம் குடுத்தா, யாரைக் கேட்டுக் குடுத்தேன்னு கேப்பீங்கன்னாரு."

"ஓஹோ."

"மலையேற வந்தா ராத்திரி வாசல்லயே நிக்க வெச்சுடுவீங்கன்னு... அது அவர் சொல்லலம்மா, நாங்களாப் பேசிக்கிட்டது."

நம்மாளு வாயில நுரை, அந்தம்மா கையில நுரை. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. அதாவது, அந்தம்மா இவரைப் பாத்தாங்க. இவர் மேல ஒயர்ல உக்காந்திருந்த காக்காயைப் பாத்தாரு.

"ஆமா சார்"னாங்க அந்தம்மா, தேன் ஒழுக. "அப்பல்லாம் நான் ரொம்பக் கொடுமைக்காரி. இப்ப திருந்திட்டேன். இனிமே நீங்க எங்க கூப்பிட்டாலும் அவர் வருவாரு. கப்பலுக்கு அவரைத் தயார் பண்றது என் பொறுப்பு."

ஃபோனை வெச்சாங்க. திட்டுவாங்கன்னு இவர் காத்துக்கிட்டு இருந்தாரு. திட்டல. சிரிச்சாங்க. கல்யாணம் ஆன நாள்லேந்து இவர் பயந்ததெல்லாம் அந்தச் சிரிப்புக்குத்தான்.

பயிற்சி அன்னிக்கே ஆரம்பிச்சுடுச்சு.

முதல்ல கயிறு. துணி காயப்போடற கயிறைக் கழட்டிக் குடுத்து, கப்பல் முடிச்சுப் போடுங்கன்னாங்க. மெத்தை கட்டற ஆளு, கயிறெல்லாம் தூசுன்னு ஆரம்பிச்சாரு. கொஞ்ச நேரத்துல ஜன்னல் கம்பி, தன் கை, மேஜைக் கால், மூணையும் சேர்த்து ஒரே முடிச்சாப் போட்டுட்டு, "இப்ப எப்படி வெளிய வர்றது?"ன்னாரு. "அதுதானே பயிற்சி"ன்னுட்டு அந்தம்மா வேனை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. எதிர்வீட்டு டெய்லர் கத்திரிக்கோலோட வந்து காப்பாத்தினாரு.

அப்புறம் மூச்சு. வாளித் தண்ணில மூஞ்சியை விடணும், அந்தம்மா எண்ணுவாங்க. அந்தம்மா ஒண்ணுன்னு சொல்றதுக்குள்ள இவர் வெளிய வந்து, "எவ்வளவு நேரம் இருந்தேன்?"ம்பாரு. "இன்னும் உள்ளயே போகலீங்க. மூக்கு நுனிதான் நனைஞ்சிருக்கு."

அப்புறம் அலை. இவரைக் கட்டில்ல படுக்க வெச்சு, ஒரு பக்கத்தைப் பிடிச்சு ஆட்டினாங்க. கப்பல் சட்டைக்கு அளவெடுக்க வந்த டெய்லர் கொஞ்ச நேரம் வேடிக்கை பாத்தாரு. அவருக்கு மனசு கேக்கல. "தங்கச்சி, அலை பக்கவாட்டுல மட்டும் வராது. தலைமாட்டையும் தூக்கிப் போடும். நான் ஒரு கை பிடிக்கட்டுமா?"

"பிடிங்கண்ணா."

"யோவ், நீ யாருய்யா நடுவுல?"ன்னு கட்டில்லேந்து சத்தம்.

"நான் புயல்ணே"ன்னாரு டெய்லர்.

"போதும், நான் எறங்கிக்கிறேன்."

"நடுக்கடல்ல எங்கங்க எறங்குவீங்க?"ன்னாங்க அந்தம்மா. "ஆட்டுங்கண்ணா."

இதெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாங்கிட்டாரு. நீச்சல் குளத்துக்குக் கூட்டிட்டுப் போனதுதான் தாங்கல. நீச்சல் மாஸ்டர் நல்ல மனுஷன். நம்மாளு ஏணியைப் பிடிச்சவரு பிடிச்சவருதான். ஏணியும் அவரும் ஒரே இரும்புல வார்த்த மாதிரி நின்னாங்க.

"கையை விடுங்க சார். தண்ணி இடுப்பளவுதான்."

"யார் இடுப்பு?"

"உங்க இடுப்புதான் சார்."

"இப்ப இடுப்பளவு. நான் வழுக்கி விழுந்தா?"

"விழுந்தா எழுந்திரிச்சு நில்லுங்க சார்."

"ஏங்க, எப்படின்னு நான் காட்டறேன், பாருங்க"ன்னு அந்தம்மா எறங்கினாங்க. எறங்கினவங்க மிதந்தாங்க. மிதந்தவங்க நீந்த ஆரம்பிச்சாங்க. அடுத்தடுத்த நாள் மாஸ்டர் அடில போட்ட ரப்பர் வளையத்தையெல்லாம் முங்கி முங்கிப் பொறுக்கிட்டு வந்தாங்க. தினமும் இவர் ஏணி, அவங்க தண்ணி. "இன்னும் கொஞ்சம் ஆழமாப் போகலாமா மாஸ்டர்?"னு அவங்க கேக்கறதும், மாஸ்டர் தலையாட்டறதும், ஏணிலேந்து பாக்க நல்லாத்தான் இருந்தது. இவ எதுக்கு இவ்வளவு கத்துக்கிறான்னு நம்மாளு ஒரு வினாடி யோசிச்சிருக்கலாம். அவருக்குத் தன் கவலை.

கப்பல் கிளம்பற நாளுக்கு முந்தின சாயங்காலம் கடைசி அஸ்திரத்தை எடுத்தாரு. குனிஞ்சு செருப்பை எடுக்கப் போனவரு, அப்படியே நின்னு, "அம்மாடி"ன்னாரு. இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. நிமிர முடியல. நடிப்புன்னா நடிப்பு, அவருக்கே நிஜமாவே வலிக்கற மாதிரி இருந்தது.

"ஐயோ, ரொம்ப வலிக்குதாங்க?"

"உயிர் போகுதும்மா. கயிறு இழுக்கணுமே, முங்கணுமே, எல்லாம் போச்சே. உனக்குத் தெரியாது, என் மனசு என்ன பாடு படுதுன்னு."

"எனக்குத் தெரியாதா?"ன்னாங்க அந்தம்மா. தைலம் தேய்ச்சு, பட்டையா ஒரு துணியைச் சுத்தி விட்டு, "காலையில துறைமுகத்துக்குப் போய் மேனேஜர்கிட்ட நேர்லயே சொல்லிடலாம். அதுதான் மரியாதை. நானும் கூட வர்றேன்"னாங்க. இவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தங்கமான பொம்பளை, இவளைப் போயா புலின்னு சொன்னோம்னு நினைச்சுக்கிட்டே நிம்மதியாத் தூங்கினாரு.

காலையில துறைமுகத்துல வெள்ளை வெளேர்னு கப்பல். ஆஸ்பத்திரிலேந்து ஒருத்தர், பேங்க்லேந்து ஒருத்தர்னு பையோட நிக்கறாங்க. மேனேஜர் வழியனுப்ப வந்திருக்காரு. பக்கத்துல கணக்குப் பிரிவுக்காரர், கையில ஒரு பெட்டி. சும்மா வழியனுப்ப வர்றவன் பெட்டியோடயா வருவான்? நாற்காலிக்கு ஆள் ரெடியா நிக்குதுன்னு நம்மாளுக்குப் புரிஞ்சுபோச்சு. இருந்தாலும் வளைஞ்ச இடுப்போட போய், "சார், விதி விளையாடிடுச்சு"ன்னு ஆரம்பிச்சாரு.

அவர் முடிக்கறதுக்குள்ள, கப்பல் கேப்டன் மேலேந்து குரல் குடுத்தாரு. "ஸ்கூல்லேந்து வர்றவங்க யாரு?"

"நான்தான் சார்"னாங்க அந்தம்மா. வேனுக்குள்ளேந்து ஒரு பையை எடுத்துத் தோள்ல மாட்டினாங்க.

நம்மாளு பேயறைஞ்ச மாதிரி நின்னாரு. "நீ எங்க போறே?"

"எங்க ஸ்கூல்லேந்தும் ஒருத்தர் வரணும்னாங்க. டீச்சருங்க யாருக்கும் நீச்சல் தெரியல. நான்தான் கத்துக்கிட்டேனே, உங்க புண்ணியத்துல."

ஒரு வினாடி திகைப்பு. அடுத்த வினாடி நம்மாளு மனசுல பூ பூத்தது. அடடா, இவ ஒரு வாரம் கடல்ல. நான் ஒரு வாரம் வீட்ல. கால் மேல கால். யோசிக்க யோசிக்க இடுப்பு தானா நிமிரப் பாத்தது, கஷ்டப்பட்டு வளைச்சுக்கிட்டாரு.

"நல்லபடியாப் போயிட்டு வாம்மா. வீட்டுச் சாவியைக் குடு."

"சாவி எதுக்கு? கேப்டன்கிட்ட பேசிட்டேங்க. இடுப்பு வலிக்காரங்க கயிறு இழுக்க வேண்டாமாம். சமையல்கட்டுல உக்காந்த எடத்துலயே செய்யற வேலை இருக்காம்."

"அப்படின்னா பயிற்சில சேர்த்திதான்"னாரு மேனேஜர். "முடியலன்னாலும் சொல்லிடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன். பெட்டியோட ஆள் நிக்குது."

கணக்குப் பிரிவுக்காரர் பெட்டியை இந்தக் கைலேந்து அந்தக் கைக்கு மாத்தினாரு.

நம்மாளு கடைசித் துரும்பைப் பிடிச்சாரு. "எனக்கு ஒண்ணும் இல்ல சார். ஆனா, வீட்ல..."

"வீட்ல யாரும் இல்லீங்க"ன்னாங்க அந்தம்மா. "பூட்டியாச்சு."

ஏறிட்டாரு. மானம் கப்பலேறிடுச்சும்பாங்களே, அது எப்படி இருக்கும்னு துறைமுகமே நேர்ல பாத்துச்சு.

கேப்டன் மொத நாளே ஆளுங்களைப் பிரிச்சாரு. பலமாக் குரல் குடுக்கத் தெரிஞ்சவங்க யாருன்னு கேட்டதும் எல்லாரும் ஒரே பக்கம் கையைக் காட்டினாங்க. அந்தம்மா குழுத் தலைவி ஆயிட்டாங்க. பாயை ஏத்துன்னா ஏறும், எறக்குன்னா எறங்கும். பேங்க்காரர் கயிறைப் போட்டுட்டு ஃபோட்டோ எடுக்கப் போனாரு. ஒரு பார்வை. திரும்பி வந்து கயிறைப் பிடிச்சுக்கிட்டாரு.

நம்மாளு கீழ வெங்காயம் உரிச்சாரு. மூட்டை மூட்டையா வெங்காயம். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டே உரிச்சாரு, போட்டுக்கிட்டே சாப்பிட்டாரு, போட்டுக்கிட்டே தூங்கினாரு. சும்மா சொல்லக்கூடாது, ஓடற கப்பல், நல்ல காத்து, வேளா வேளைக்குச் சாப்பாடு. ரெண்டு நாள்ல பயம் பாதியாக் கொறைஞ்சு, வெங்காயத்தை மேல்தட்டுக்கு எடுத்துக்கிட்டு வந்து, கடலைப் பாத்துக்கிட்டே உரிக்க ஆரம்பிச்சாரு.

முங்கற நாள் வந்தது. பவளப்பாறை இருக்கிற எடத்துல கப்பலை நிறுத்தினாங்க. சிலிண்டரை மாட்டிக்கிட்டு, கப்பல்ல இருந்த முங்கல் மாஸ்டரோட ஒவ்வொருத்தரா எறங்கறாங்க. அந்தம்மா கப்பல் விளிம்புல உக்காந்து, "நீங்களும் வாங்களேன். கீழ மீனெல்லாம் கலர் கலரா இருக்காம்"னாங்க.

"எனக்கு வெங்காயம் இருக்கு"ன்னாரு.

பொளக்குன்னு ஒரு சத்தம். அந்தம்மா போயிட்டாங்க. குமிழி வந்தது. கொஞ்ச நேரம் அதையே பாத்தாரு. ஆஸ்பத்திரிக்காரம்மா மேல வந்தாங்க. பேங்க்காரர் மேல வந்தாரு. அந்தம்மா வரல. குமிழியும் நின்னு போச்சு.

"ஏங்க, எங்க வீட்ல எங்க?"

"இங்கதான் இருந்தாங்க"ன்னாரு பேங்க்காரர், கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே.

அவ்வளவுதான். கத்தி ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம். இடுப்புப் பட்டை அவிழ்ந்து பின்னாடி வாலா ஆட, நம்மாளு ஓடி வந்து கடல்ல குதிச்சுட்டாரு. நீச்சல் தெரியாதுன்னு பாதி வழில, அதாவது ஆகாயத்துல இருக்கும்போதுதான், ஞாபகம் வந்துச்சாம். விழுந்து, முழுங்கி, லைஃப் ஜாக்கெட் தூக்கிவிட மேல வந்து, கையையும் காலையும் நாலு பக்கமும் அடிச்சு, அந்தம்மாவைக் கூப்பிடறேன்னு தண்ணியாக் குடிக்கிறாரு.

கப்பலோட அந்தப் பக்கத்துலேந்து அந்தம்மா நீந்திக்கிட்டு வந்தாங்க. "அந்தப் பக்கம்தான் மீன் நிறைய. ஏன் இங்க வந்தீங்க?"

"உன்னைக் காணோம்னு..."

"நீந்தத் தெரியாதே உங்களுக்கு."

"அதை ஏன் இப்ப ஞாபகப்படுத்தறே?"

அந்தம்மா முங்கற கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு அவரைப் பாத்தாங்க. அப்புறம் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, "கால்களை லேசா விடுங்க. அடிக்காதீங்க. நான் இருக்கேன்ல"ன்னாங்க. விட்டாரு. மிதந்தாரு. மேல ஆகாயம், கீழ கலர் மீன், நடுவுல நம்மாளு. தண்ணி இவ்வளவு மெத்துன்னு இருக்கும்னு அவருக்கு யாருமே சொல்லல. மெத்தைக் கம்பெனில இத்தனை வருஷம் வேலை பாத்து என்ன பிரயோசனம்.

"இடுப்பு வலி எப்படி இருக்கு?"ன்னு கேட்டாங்க.

"கடல் தண்ணி அதுக்கு நல்லதாம்"னாரு.

"எனக்கு முன்னாடியே தெரியும்"னாங்க. தண்ணி நல்லதுங்கிறது தெரியுமா, வேற ஏதாவது தெரியுமான்னு இவர் கேட்டுக்கல.

அதுக்கப்புறம் அவரைத் தண்ணிலேந்து வெளிய எடுக்கறதுதான் கஷ்டமாப் போச்சு. வெங்காயம் பேங்க்காரர் தலையில விழுந்துச்சு.

திரும்பி வந்தாங்க. துறைமுகத்துல மேனேஜர் காத்துக்கிட்டு இருந்தாரு. நம்மாளு மூக்குத் தோல் உரிஞ்சு, மார்பை நிமிர்த்திக்கிட்டு, மாலுமி நடை நடந்து எறங்கினாரு. போனதும் ஆச்சு, முங்கினதும் ஆச்சு, இனி நாற்காலி நம்மளதுன்னு கையை நீட்டிக்கிட்டே போனாரு. மேனேஜர் கையைக் குடுத்தாரு. குடுத்த கையைக் குலுக்கி முடிக்கறதுக்குள்ள அவர் கண்ணு இவர் தோளைத் தாண்டிப் போயிடுச்சு.

"கேப்டன் எல்லாம் சொன்னாரும்மா, வெங்காயக் கதை உள்பட. கப்பலையே நீங்கதான் ஓட்டினீங்களாமே. எனக்கு டெலிவரிப் பிரிவுக்கு ஆள் வேணும். வண்டிங்க தெரியணும், டிரைவருங்க சொன்னதைக் கேக்கணும். நாற்காலி காலியா இருக்கு. நீங்க வர்றீங்களா?"

நம்மாளு வாய் மூடல. மூடாத வாய்க்குள்ள காத்து போயிட்டுப் போயிட்டு வந்தது.

அந்தம்மா யோசிச்சாங்க. ஸ்கூல் வருஷம் முடியற நேரம்தான், வரலாம்னாங்க. மேனேஜருக்கு சந்தோஷம் தாங்கல. "உங்களுக்குக் கீழ ஒரு உதவியாளர் வெச்சுக்கலாம்மா. யாரை வேணும்னாலும் எடுத்துக்குங்க. கணக்குப் பிரிவுக்காரர் கூட ஆசையா இருக்காரு."

அந்தம்மா மெதுவாத் திரும்பினாங்க. காலையில வேனைச் சுத்தி வந்து டயரைப் பாக்கற மாதிரி, நம்மாளை மேலேந்து கீழ ஒரு தடவை பாத்தாங்க.

"இவரே இருக்கட்டும் சார். ஓட்டிப் பழகின வண்டி."